எந்தூரு அண்ணனும் ஒரு ஜோடி அடைப்புக்குறியும்

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்த யாரும் எந்தூரு அண்ணனிடம் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடித்தது கிடையாது. பாதியிலேயே மறித்துவிடுவார். "அண்ணே, பஸ்ஸு போயிருச்சு" என்றால், "எந்த பஸ்ஸு?" என்பார். "மழ வருதுண்ணே" என்றால், "எந்தப் பக்கம்?" என்பார். ஒருமுறை ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளர் கைகூப்பிக்கொண்டு, "என்னைய ஒங்க வீட்டுப் பிள்ளையா நெனச்சு" என்று ஆரம்பித்தார். "எந்த வீட்டு?" என்றார் அண்ணன். வேட்பாளருக்கு அடுத்த வரி மறந்தேபோய்விட்டது. கூட வந்தவர்கள் கோஷம் போட்டு அவரை அப்புறப்படுத்திக்கொண்டு போனார்கள்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்றும் இருந்தது. ரேஷன் கார்டில் இருந்தது, அதோடு சரி. கம்பம் மெயின் ரோட்டில் ஒரு லாரி பார்சல் ஆபீஸில் புக்கிங் கிளார்க் அவர். பொதியைத் தூக்கி வருகிற ஆளிடம் கம்பி ஜன்னலுக்குப் பின்னாலிருந்து முதலில் கேட்பது "எந்தூரு?" பதில் வந்ததும் இரண்டாவதாகக் கேட்பதும் அதேதான்.

அதற்குக் காரணம் இருந்தது. அண்ணன் கூடலூர்க்காரர். கம்பத்திலிருந்து குமுளி போகிற வழியில் இருக்கும் கூடலூர். இதே பெயரில் நீலகிரி மலைமேல் இன்னொரு கூடலூர் இருக்கிறது. வெறுமனே 'கூடலூர்' என்று மையில் எழுதிய பொதி எந்த லாரியில் ஏறும் என்பது ஏற்றுகிற ஆளின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது. அண்ணனுடைய கல்யாணத்துக்குக் காஞ்சிபுரத்திலிருந்து வரவேண்டிய முகூர்த்தச் சேலை அப்படித்தான் நீலகிரிக்கு ஏறிப்போனது. கடைசிவரை இறங்கி வரவில்லை. மணப்பெண் தன் அண்ணன் பெண்டாட்டியின் சேலையை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தார். அன்றைக்கு அண்ணன் கேட்க ஆரம்பித்ததுதான், அதற்குப் பிறகு நிறுத்தவே இல்லை.

சாவு வீட்டில்கூட நிறுத்தவில்லை. எங்கள் பக்கம் குலசாமி பெயரைத்தான் தலைச்சன் பிள்ளைக்கு வைப்பது வழக்கம். அதனால் ஒரே தெருவில் வரிசையாக மாயாண்டிகள் குடியிருப்பார்கள். ஒரு மாயாண்டி செத்துப்போனார் என்று அண்ணன் மாலையோடு போனார். மகன்காரன் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதான்.

"எங்கப்பன் போயிட்டாருண்ணே!"

"அது தெரியுதுப்பா. நீ எந்த மாயாண்டி மகன்?"

அவன் அழுகையை நிறுத்திவிட்டுத் தெருப் பெயர், தாத்தா பெயர் எல்லாம் சொன்ன பிறகுதான் மாலை பிணத்தின்மேல் விழுந்தது.

எனக்கும் அவருக்கும் நடந்ததைச் சொல்கிறேன். என் பெயர் பாண்டி. எங்கள் ஊரில் பாண்டி என்று கூப்பிட்டால் வாசலுக்கு வாசல் ஆள் எட்டிப்பார்க்கும். அப்போது நான் அந்தப் பார்சல் ஆபீசுக்கு நேர் எதிரே ஒரு பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். பிளைவுட் தடுப்புகள், பழைய கம்ப்யூட்டர்கள், கரண்டு போனால் ஒப்பாரி வைக்கிற ஒரு யூபிஎஸ். ஏதாவது பொதி வந்திருக்கிறதா என்று அவருக்குப் போன் போடுவேன். அவர் ஜன்னலில் இருப்பது எனக்குத் தெரியும், நான் நிற்பது அவருக்குத் தெரியும்.

"அண்ணே, பாண்டி பேசுறேன்."

"எந்தப் பாண்டி?"

"இங்கன எதுத்தாப்புல நிக்கிறேன்ல!"

"நிக்கிறது தெரியுது. நிக்கிறது எந்தப் பாண்டி?"

"பிரவுசிங் பாண்டிண்ணே."

"ஆங், அப்பிடிச் சொல்லு."

இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில் புக்கிங் விவரத்தையெல்லாம் தினமும் மதுரைக்கு மெயிலில் அனுப்பவேண்டும் என்று அவருடைய முதலாளி உத்தரவு போட்டார். அண்ணன் சாயங்காலமானால் என் கடைக்கு வந்துவிடுவார். அவர் சொல்ல நான் அடிக்கவேண்டும். 'பழப்பெட்டி' என்று அடித்தால் எந்தப் பழம் என்று எழுதச் சொல்வார். திராட்சை என்றால் எந்தத் திராட்சை. ஒரு நாள் என்னால் தாங்கமுடியவில்லை. குழந்தைக்குப் பொம்மை கொடுத்து உட்கார வைப்பதுபோல, இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியத்தைத் திறந்து கொடுத்தேன். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற வகை.

"இதுல எல்லா ஊரும் இருக்குண்ணே. நம்ம கம்பம் இந்தா. இதுக்குள்ள ஒங்க கூடலூரு நீலக் கலர்ல இருக்கு பாருங்க. அத அமுக்குங்க, ஒங்க ஊரு வரும்."

அமுக்கினார். தேயிலைத் தோட்டம் வந்தது. யானை வந்தது. ஊட்டிக் குளிர் வந்தது.

அண்ணனின் முகத்தை அன்றைக்கு நீங்கள் பார்த்திருக்கவேண்டும். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றுவிட்டார்.

"பார்சலு மாறிருச்சு பாண்டி! இங்கனயும் மாறிருச்சு!"

இதற்கு யாரிடம் புகார் கொடுப்பது என்று கேட்டார். யாரிடமும் கொடுக்கவேண்டாம், நீங்களே திருத்தலாம் என்றேன். "நானேவா?" என்று நம்பாமல் பார்த்தார். பிறகு ஒற்றை விரலால், கோழி பொறுக்குவதுபோல ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, கம்பம் பக்கத்திலிருந்த இணைப்பை நம் கூடலூருக்குத் திருப்பிவிட்டார். மறுபடி அமுக்கினார். நம் ஊர் வந்தது. தேர் நிலைக்கு வந்ததுபோல ஒரு பெருமூச்சு விட்டார். அன்றோடு என் கடையில் ஒரு கம்ப்யூட்டர் சாயங்காலங்களில் அவருக்கே போய்ச்சேர்ந்தது.

அந்தக் களஞ்சியம் முழுக்க இடம் மாறிய பொதிகள் கிடந்தன. ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் போதும், எழுதினவர் பாட்டுக்கு எழுதிவிட்டுப் போய்விடுவார், இணைப்பு யார் வீட்டுக்கோ போய்ச்சேரும். சுதந்திரத்துக்கு முன்னாலேயே சிறையில் உயிர்விட்ட ஒரு தியாகி, கலர் படங்களில் காமெடி வேஷம் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு டாக்டர் தான் பிறப்பதற்கு முன்பே ஒரு கோயிலுக்குக் குடமுழுக்கு நடத்தியிருந்தார். அண்ணன் இவர்களையெல்லாம் ஒவ்வொருவராகப் பிரித்து அவரவர் வீட்டில் இறக்கினார். ஒரு பக்கத்துக்கு எங்கிருந்தெல்லாம் இணைப்பு வருகிறது என்று பார்க்க ஒரு வசதி இருந்தது. அதற்கு 'வரத்து' என்று பெயர் வைத்தார். நான் கடையைச் சாத்த நின்றால், "செத்த இருப்பா, இன்னும் வரத்து இருக்கு" என்பார்.

தொல்லை அவருடைய சொந்த ஊர் ரூபத்தில் வந்தது. அந்தக் களஞ்சியத்தில் நீலகிரிக் கூடலூரின் பக்கத்துக்கு வெறும் 'கூடலூர்' என்று தலைப்பு. நம்முடையதற்கு 'கூடலூர் (தேனி மாவட்டம்)'. முதலில் எழுதினவன் முதலில் பிடித்த பெயர், அவ்வளவுதான். இந்த விஷயத்தை அண்ணன் டீக்கடையில் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

கோயில் திருவிழாவில் முதல் மாலை யாருக்கு என்பதற்காகத் தேரை நிறுத்திவைக்கிற பள்ளத்தாக்கு இது. கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போன சித்தப்பாக்கள் ஒன்று சேர்ந்தால் தனிக் கட்சியே ஆரம்பிக்கலாம். விஷயம் அண்ணனின் மச்சான் காதுக்குப் போனது. பெண்டாட்டியின் கூடப்பிறந்த அண்ணன், திராட்சைப் பந்தல் நிறைய வைத்திருந்ததால் ஊரில் பந்தல்காரர் என்றுதான் பெயர். முகூர்த்தச் சேலை தொலைந்ததிலிருந்து நீலகிரிக் கூடலூர் என்றாலே அவருக்கு ஆகாது. நேராக என் கடைக்கே வந்துவிட்டார்.

"என்ன மாப்ள, நம்ம ஊரு பேருக்குப் பின்னால என்னமோ வேலி போட்ருக்காகளாம்ல?"

"அது வேலி இல்ல மச்சான், அடைப்புக்குறி. எந்தூருன்னு தெரியணும்ல."

"அவுகளுக்குப் போட்ருக்கா?"

"இல்ல."

"எந்தங்கச்சி சேலைய முழுங்குன ஊரு தெறந்து கெடக்கு, நம்ம அடைபட்டுக் கெடக்கணுமா? நம்ம என்ன கொட்டத்துல கட்டுன மாடா?"

அடுத்த வாரம் கூடலூர் பஸ் ஸ்டாண்டில் பிளக்ஸ் போர்டு எழுந்தது. 'அடைப்புக்குறியை அகற்று!' என்று கொட்டை எழுத்து. கீழே, காதில் செல்போனோடு பந்தல்காரர். பாதிப் பேருக்கு அது என்னவென்றே புரியவில்லை. "அத எடுத்துட்டா ரோடு அகலமாயிரும்லப்பா?" என்று ஒரு பெரியவர் என்னிடம் நம்பிக்கையோடு கேட்டார்.

களஞ்சியத்தில் இந்த மாதிரித் தகராறுக்கு ஒரு பேச்சுப் பக்கம் உண்டு. எழுதுகிறவர்கள் அவரவர் கருத்தைச் சொல்லவேண்டும். நீலகிரிக் கூடலூர் சார்பில் 'மலைமுகில்' என்ற புனைபெயரில் ஒருவர் வாதாடினார். நம் சார்பில் அண்ணன். இரண்டும் நகராட்சி, இரண்டிலும் சந்தை, இரண்டும் கேரள எல்லை. ஒருவர் யானையைச் சொன்னால் மற்றவர் திராட்சையைச் சொல்வார். பேச்சோடு பேச்சாக அண்ணன் தன் சேலைக் கதையையும் அங்கே எழுதிவைத்தார். மலைமுகில் அதற்கு மட்டும் வாதம் செய்யாமல், 'வருந்துகிறேன்' என்று எழுதியிருந்தார்.

பந்தல்காரருக்கு இந்த வாதமெல்லாம் எதற்கு? அவர் கணக்கில் இது ஓட்டு. ஓட்டு என்றால் ஆள் திரட்டவேண்டும், அவ்வளவுதானே. ஒரு ஞாயிற்றுக்கிழமை திராட்சை டெம்போ நிறைய இளவட்டங்கள் வந்து என் கடைமுன் இறங்கினார்கள். ஆளுக்கொரு கணக்குத் தொடங்கி, 'கூடலூர் எங்கள் உயிர்மூச்சு' என்று எழுதவேண்டும். இது ஏற்பாடு. முதல் பையன் உட்கார்ந்து தன் பெயரை மாயாண்டி என்று அடித்தான். சேர்ந்துகொண்டது. அடுத்தவனும் மாயாண்டி. இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார் என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது.

"ஏலே, எவன்லே அது எம்பேருல?"

"நாந்தேன்லே, இப்பத்தான ஒனக்கு முன்னால ஒக்காந்திருந்தேன்!"

வந்தவர்களில் முக்கால்வாசி மாயாண்டிகள். கும்பல் குழம்பி நின்றது. எந்தூரு அண்ணன்தான் வழி சொன்னார். "பேருக்குப் பின்னால தெருவப் போடுங்கப்பா. அடைப்புக்குறிக்குள்ள." அப்படியே போட்டார்கள். மாயாண்டி (மேலத்தெரு). மாயாண்டி (பள்ளிக்கூடத்தெரு). மாயாண்டி (ரைஸ்மில் பக்கம்). அடைப்புக்குறியை ஒழிக்க வந்த படை முழுக்க அடைப்புக்குறி மாட்டிக்கொண்டு வரிசையாக நின்றது.

இதில் சிரிக்கமுடியாத பாகம் ஒன்றும் இருந்தது. அண்ணனுக்கு ஒரே மகள். அடுத்த மாதம் கல்யாணம். எங்கள் பக்கம் தாய்மாமன் மேளதாளத்தோடு சீர்த்தட்டு கொண்டுவந்து பெண்ணுக்கு முதல் மாலை போடாமல் தாலி ஏறாது. மாப்பிள்ளை வீட்டார் சம்மதித்தாலும் பெரியவர்கள் அசைய மாட்டார்கள். தாய்மாமன் யார்? பந்தல்காரர். அந்த ஞாயிற்றுக்கிழமை இளவட்டங்களோடு திரும்பி டெம்போவில் ஏறும்போது அவர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனார்.

"மாப்ள, நம்ம ஊரு பேரு மொட்டையா வரணும். வந்தாத்தேன் நான் கல்யாண மேடை ஏறுவேன்."

மறுநாள் சாயங்காலம் அண்ணன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார், ஆனால் விரல் இறங்கவில்லை. நான் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

"பாண்டி, மொட்டையா 'கூடலூரு'ன்னு எழுதுன பொதிய நான் என்னைக்காச்சும் புக் பண்ணிருக்கேனா?"

"இல்லண்ணே."

"அவுக ஊருன்னு வந்தாலும் பண்ணக்கூடாது. நம்ம ஊருன்னு வந்தாலும் பண்ணக்கூடாதுல?"

"அண்ணே, மக கல்யாணம்ணே."

எந்த மகள் என்று அவர் கேட்கவில்லை. "தெரியும்ப்பா" என்றார். பிறகு தட்ட ஆரம்பித்தார். இரண்டு ஊருக்குமே மொட்டைப் பெயர் வேண்டாம், யாராவது கூடலூர் என்று தேடி வந்தால், எந்தக் கூடலூர் என்று கேட்டு வழிகாட்டுகிற பக்கம் ஒன்று அங்கே இருக்கட்டும் என்று எழுதினார். அதோடு விட்டாரா? கீழே இன்னொரு வரியும் சேர்த்தார். 'மேலே கருத்துச் சொல்லியுள்ள மாயாண்டிகள் அனைவரும் என் மச்சான் அழைத்துவந்தவர்கள். கணக்கில் எடுக்கவேண்டாம்.'

எனக்கு அவரை ஓங்கி அறையலாம்போல இருந்தது. காலில் விழலாம்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் டீ வாங்கிக் கொடுத்தேன்.

மலைமுகில் மறுநாளே ஒப்புக்கொண்டுவிட்டார். நிர்வாகி ஒருவர் வந்து மாயாண்டிகளை வெளியேற்றிவிட்டு, நீலகிரிக் கூடலூருக்கும் ஓர் அடைப்புக்குறி போட்டார். வெறும் கூடலூர் என்று தேடினால் இரண்டு ஊரையும் காட்டி, எது வேண்டும் என்று கேட்கிற பக்கம் வந்தது. உலகத்துக்கே பொதுவான ஒரு பக்கம் எந்தூரு அண்ணன் மாதிரி பேச ஆரம்பித்துவிட்டது.

பந்தல்காரர் பார்சல் ஆபீஸ் வாசலில் வந்து நின்று சத்தம் போட்டார்.

"நீயெல்லாம் எந்தூருக்காரன்யா?"

"கூடலூருதேன் மச்சான்."

"எந்தக் கூடலூரு?"

ஊரையே கேட்டுக்கொண்டிருந்த மனிதரிடம் அதை யாரும் திருப்பிக் கேட்டதில்லை. "தாய்மாமன் இல்லாமயே கட்டிக்கிருங்க" என்று சொல்லிவிட்டுப் பந்தல்காரர் போய்விட்டார்.

கல்யாணம் கூடலூரில். பந்தல்காரர் வரவில்லை. வராமல் இருப்பதையும் நாலு பேர் பார்க்கவேண்டும் அல்லவா? அதனால் வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில் மண்டபத்துக்கு நேர் எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். மணமேடையிலிருந்து பார்த்தாலே தெரியும். அக்கா, அதாவது அண்ணனின் வீட்டுக்காரம்மா, வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்து நடந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைத் தூது அனுப்பினார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். பந்தல்காரர் என்னைப் பார்க்காமல் பேப்பரில் விளம்பரங்களைப் படித்துக்கொண்டிருந்தார்.

அப்போது பஸ்ஸிலிருந்து ஒருவர் இறங்கினார். அந்த வெயிலில் ஸ்வெட்டர், கையில் ஒரு பொதி. டீக்கடைக்கு வந்தார்.

"சார், இங்க கூடலூர்க்காரர் வீட்டுக் கல்யாணம் எங்க நடக்குது?"

"இங்கன எல்லாருமே கூடலூர்க்காரவுகதேன். நீங்க எங்கருந்து வர்றீக?" என்றார் பந்தல்காரர்.

"நானும் கூடலூர்ல இருந்துதான் சார் வர்றேன்."

"எந்தக் கூடலூரு?"

கேட்டுவிட்டுப் பந்தல்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு அங்கே வேலை இருந்தது.

வந்தவர்தான் மலைமுகில். அவருடைய ஊரில் தபால் பிரிக்கிற உத்தியோகம். பேச்சுப் பக்கத்தில் சண்டை போட்டுக்கொண்டே அண்ணன் அவருக்குப் பத்திரிகையும் அனுப்பியிருக்கிறார். அவர் பொதியைத் தட்டிக்காட்டினார்.

"கல்யாண வீட்டு அம்மாவோட முகூர்த்தச் சேலை எங்க ஊருக்கு வந்து நின்னுபோச்சுன்னு சார் எழுதியிருந்தார். அதைத் தேடிப் பிடிக்க முடியுமா? வேற ஒரு பட்டு எடுத்தேன். அம்மாவுக்குப் பொறந்த வீட்டுச் சேலை மாதிரி இருக்கட்டும்னு."

பந்தல்காரரின் கையிலிருந்த பேப்பர் கீழே விழுந்தது.

"பொறந்த வீடா? எந்தப் பொறந்த வீடு? அண்ணன்காரன் நான் இங்கன குத்துக்கல்லாட்டம் ஒக்காந்திருக்கேன், நீலகிரியிலருந்து பொறந்த வீட்டுச் சேல வருதா?" வேட்டியை மடித்துக் கட்டினார். செல்போனை எடுத்தார். "ஏலே, தட்டெல்லாம் தூக்குங்கடா! மேளத்தக் கெளப்பு! என்னது, எந்தத் தட்டா? நம்ம சீர்த்தட்டுடா, எல்லாந்தேன்!"

ஸ்வெட்டர்காரர் பாவம், என்ன தப்பாகச் சொன்னோம் என்று புரியாமல் நின்றார். சீர் எல்லாம் மூன்று நாளாகவே அவர் வீட்டில் தயாராக அடுக்கிவைத்திருந்ததாம். மேளம் தெரு முனையில் திரும்பும்போதே அக்கா அழுதுகொண்டே சிரித்தார். பந்தல்காரர் பெண்ணுக்கு மாலை போட்டார். போட்ட கையோடு, ஸ்வெட்டர்காரரையும் மேடைக்கு இழுத்துக்கொண்டுபோய்த் தங்கச்சியிடம் பட்டைக் கொடுக்க வைத்தார். தான் கொண்டுவந்த சேலையை முதலில் கொடுத்த பிறகுதான், அது வேறு விஷயம். அக்கா அந்த நீலகிரிப் பட்டை மடியில் வைத்துத் தடவித் தடவிப் பார்த்தார்.

வந்தவர் எந்தூரு அண்ணனிடம் கையை நீட்டினார். "நான்தான் மலைமுகில்."

அண்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எந்த மலைமுகில்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

எல்லார் கைக்கும் போன் வந்த பிறகு என் கடைக்கு ஆள் வருவது நின்றுபோனது. மூடிவிட்டு நான் திருப்பூருக்கு வந்துவிட்டேன். இங்கே ஒரு பனியன் கம்பெனி அக்கவுண்ட்ஸில் இருக்கிறேன். இங்கேயும் பாண்டிகளுக்குக் குறைவில்லை. அண்ணனோடு பேசிப் பல வருஷமாகிவிட்டது. போன மாதம் அவருடைய நம்பர் ஒருவரிடம் கிடைத்தது. என்னுடையது அவரிடம் இல்லாத புது நம்பர். போட்டேன். குரல் தளர்ந்திருந்தது.

"அண்ணே, பாண்டி பேசுறேன்" என்று சொல்லிவிட்டு, அவர் அடுத்துக் கேட்கப்போவதற்குப் பதிலை நாக்கிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"சொல்லுப்பா" என்றார். "சாப்ட்டியா?"

நாக்கில் வைத்திருந்த 'பிரவுசிங் பாண்டி'யை விழுங்கிவிட்டு, "சாப்ட்டேண்ணே" என்றேன்.